பேரில்லாத ஆயிரம் பேர்: சீரியல் கில்லர் கதைக்குள்ள சிலப்பதிகாரத்தக் கொண்டுவரப் போய் நான் படிச்சது

நான் வேலை செய்யிறது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில, ஒரு சின்ன வாசிகசாலையில. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாற ஆக்கள்ல பாதிப்பேர் தேடுறது த்ரில்லர்தான். அதிலயும் பழைய கோயில், ஏட்டுச்சுவடி, ராசா காலத்துச் சாபம், அதுக்குள்ள ஒருத்தன் ஒவ்வொரு ஆளாக் கொல்லுறான், பொலிஸ்ல ஒரு ஆளும் சரித்திரம் படிச்ச ஒரு ஆளும் சேந்து அவனத் தேடுறாங்க, அப்பிடிக் கதை எண்டா ரெண்டு நாளைக்குள்ள புத்தகம் திரும்பி வரும், அடுத்த ஆள் வாசல்லயே வாங்கிக்கொண்டு போவார். எனக்கும் அந்தக் கதைகள் சின்ன வயசில இருந்து உசிர். அதால நானும் ஒண்டு எழுத வெளிக்கிட்டன், இப்ப மூண்டு வருசமாச்சு, ரெண்டாவது தரம் முழுசா எழுதி முடியப் போகுது. முதல் தரம் எழுதினத ஏன் கட்டி மேல வச்சன், அதில எங்க பிழைச்சன் எண்டு சொன்னா இதே மாதிரி எழுத நினைக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன்.

தொடங்கினது இப்பிடித்தான். அலுமாரி தூசி தட்டிக்கொண்டு இருக்கக்குள்ள சிலப்பதிகாரம் கையில வந்திச்சி. பள்ளிக்கூடத்தில வழக்குரை காதை படிச்ச ஞாபகம் மட்டும்தான். முன்பக்கத்தப் புரட்டினா பதிகத்துக்குப் பிறகு உரைபெறு கட்டுரை எண்டு ஒரு சின்னப் பகுதி. மதுரை எரிஞ்ச பிறகு பாண்டிநாட்டில மழை இல்லாமப் போய், வெப்புநோயும் வந்து, கொற்கையில இருந்த வெற்றிவேற் செழியன் "நங்கைக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வியால் விழவொடு சாந்தி செய்ய" மழை பெஞ்சுதாம். கோவலன மாட்டிவிட்டது ஒரு பொற்கொல்லன், அதுக்கு ஆயிரம் பேர்! அதே பகுதியில கொஞ்சம் கீழ இலங்கை ராசா கயவாகு, அதான் கஜபாகு, பத்தினிக்கு, அதாவது கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த கதை வருது. அம்மன் எங்கட பக்கம் வந்த வழியும் ஆயிரம் கொலையும் ஒரே பக்கத்தில கிடக்கு. எனக்கு மேல் புல்லரிச்சுப் போச்சு.

அண்டு இரவே கொப்பியில எழுதினன். மட்டக்களப்பில ஒருத்தன் நகை செய்யிற தட்டார் ஆக்களக் கொல்லுறான், ஒவ்வொரு உடம்புக்குப் பக்கத்திலயும் ஒரு சிவப்புக் கல்லு வைக்கிறான், கண்ணகிட சிலம்புக்குள்ள இருந்தது மாணிக்கம் தானே. மதுரை எரிஞ்சு பதினாலாம் நாள் அவ வானத்துக்குப் போனா, அதால 14 நாள், 14 பேர்.

எங்கட பக்கம் தெரியாத ஆக்களுக்கு ஒண்டு சொல்லணும். தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு, செட்டிபாளையம் எண்டு மட்டக்களப்பு அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் கண்ணகி அம்மன் கோயில் நிறைய. கன கோயில்கள்ல வருசம் முழுக்கக் கதவு பூட்டித்தான் கிடக்கும், வைகாசியில திருக்கதவு திறந்து, இரவிரவா கண்ணகி வழக்குரை எண்ட எங்கட ஊர்ப் பாட்டுக்கதையப் பாடி, கடைசியில குளிர்த்தி நடக்கும், நாங்க குளுத்தி எண்டுதான் சொல்லுவம். மதுரைய எரிச்ச அம்மன்ட சூட்டைக் குளிரப் பண்ணுற சடங்கு. முந்தி வடசேரி தென்சேரி எண்டு ஊரே ரெண்டாப் பிரிஞ்சு போட்டிக்குக் கொம்பு இழுக்கும். வருசத்தில கொஞ்ச நாள் மட்டும் திறக்கிற கதவு, ராத்திரிப் பாட்டு, ரெண்டு சேரி, தீர்த்தம். ஒரு த்ரில்லர் எழுதுற ஆளுக்கு இதவிட என்ன வேணும் எண்டுதான் அப்ப நினைச்சன். நாலு மாசத்தில 26 சப்டர் எழுதி முடிச்சிட்டன்.

முதல்ல வாசிக்கக் குடுத்தது அம்மாக்கு. முதல் சப்டர்ல பறுவம் அண்டு இரவு கல்லடிப் பாலத்துக்குக் கீழ தோணியில பாடுமீன் கேக்கப்போன ரெண்டு பொடியன்கள் துடுப்பை தண்ணிக்குள்ள விட்டுக் காது வைக்கிறாங்க, அப்ப துடுப்பில ஒரு கை தட்டுப்படுது. எனக்கு அது சரியான பெருமை. அம்மா மூண்டு பக்கம் வாசிச்சா, கண்ணாடியக் கழட்டி கட்டில்ல வச்சா, "என்னத்துக்குகா இத எழுதுற" எண்டு கேட்டா. பிடிக்கல்லயோ எண்டன். கன நேரம் பேசாம இருந்திட்டு, "வாவியில பிணம் மிதந்தா ஆரு எண்டு பாக்கப் போன ஆக்கள்தான் நாங்க. ஆர் கொண்ட எண்டு கேக்கப் போகல்ல" எண்டு சொன்னா.

அம்மாட தம்பி, என்ட சின்ன மாமா, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள்ள காணாமப் போனவர். அந்த வருசத்த இந்த மாவட்டத்தில தமிழ் ஆக்களும் மறக்க மாட்டாங்க, முஸ்லிம் ஆக்களும் மறக்க மாட்டாங்க. உடம்பு ஒண்டு கரையொதுங்கிக் கிடக்கு எண்டா அம்மாவும் பெத்தாவும், அதான் அம்மம்மாவும், ஓடிப்போய் முதல்ல பாக்கிறது சேட்டுக் கொலர. பெத்தா தைச்ச சேட்டில கொலருக்குள்பக்கம் பச்சை நூல்ல ஒரு புள்ளி போட்டிருப்பாவாம். அந்தப் புள்ளிய அவங்க கடைசிவரை காணல்ல.

இது எனக்குத் தெரியாத கதை இல்ல. தெரிஞ்சும் முதல் பக்கத்தில ஒரு கைய மிதக்க விட்டன், ஏனெண்டா நான் வாசிச்ச த்ரில்லர் எல்லாம் அப்பிடித்தான் தொடங்கும். வேற ஒரு நாட்டில, வருசத்தில ரெண்டு கொலை நடக்கிற ஒரு ஊர்ல தண்ணியில உடம்பு வந்தா அது புதிர். எங்கட வாவியில அது புதிர் இல்ல. நீங்க இந்தப் பக்கத்தில வச்சு எழுதுறீங்க எண்டா முதல்ல இதத்தான் யோசிக்கணும், உடம்பக் கண்ட உடன எங்கட சனம் கேக்கிற முதல் கேள்வி என்ன எண்டு. அந்த சப்டர நான் முழுசா மாத்திட்டன். இப்ப கதை தொடங்குறது பட்டறையில இருந்து வீட்ட வராத ஒரு ஆள்ல. அவர்ர பொஞ்சாதி மூண்டு நாளாத் தேடுறா. வாசிக்கிற ஆள் அவர்ர பேர், அவர் டீக்கு எத்தின கரண்டி சீனி போடுவார் எண்டது வரைக்கும் தெரிஞ்ச பிறகுதான் உடம்பு வருது.

ரெண்டாவது ஆள் எங்கட ஒழுங்கையில இருக்கிற நகை வேலை செய்யிற மாமா. உறவு இல்ல, அப்பாவோட ஒண்டாப் படிச்சவர், அதால மாமா. நகைவேலை விபரம் சரியா எண்டு பாக்கத்தான் குடுத்தன், மனசில வேற ஒண்டும் இல்ல. தட்டாரக் கொல்லுற கதைய ஒரு தட்டாரிட்ட குடுக்கிறம் எண்டு எனக்கு அப்ப உறைக்கல்ல, இப்ப நினைச்சாலும் வெக்கமாத்தான் இரிக்கி.

ஒரு கிழமைக்குப் பிறகு பட்டறைக்குப் போனன். அவர்ர மேசைக்குக் கீழ ஒரு தோல் கட்டிக் கிடக்கும், அராவக்குள்ள பறக்கிற தூள் அதுக்குள்ள விழும், கன நாள் சேத்து எரிச்சு அதில இருந்து பவுண எடுப்பார். ஒரு பெட்டைப் புள்ளட சிமிக்கிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார், ஊதுகுழல வாயில இருந்து எடுக்காம கண்ணால இரி எண்டார். வேலை முடிஞ்ச பிறகுதான் கட்ட எடுத்து மடியில வச்சார். நகை வேலை எல்லாம் சரி, ஒண்டுதான் பிழை, சிலம்புக்குள்ள பரல் நிறைச்சு இருந்திச்சி எண்டு எழுதியிருக்காய், நிறைச்சா சத்தம் வராது புள்ள, உள்ளுக்க வெறுமை கிடக்கணும், அப்பதான் பரல் ஓடும் எண்டு சொல்லி லாச்சியில இருந்த ஒரு பழைய வெள்ளிக் காப்ப எடுத்து காதுக்கிட்ட ஆட்டிக் காட்டினார். பிறகு கேட்டார், "ஆயிரம் பேர் எண்டு கிடக்கே மகள், அதில ஒரு ஆள்ட பேராவது எழுதிக் கிடக்கா?"

நான் இல்ல எண்டன்.

"கோவலனக் காட்டிக் குடுத்தானே, அவன்ட பேரு?"

அதுவும் இல்ல.

பள்ளிக்கூடத்தில வழக்குரை காதை நடக்கக்குள்ள பின்வாங்குப் பொடியன்கள் இவரத் திரும்பிப் பாத்துச் சிரிப்பாங்களாம், கோவலனக் கொண்டவன்ட பேரன் எண்டு சொல்லுவாங்களாம். எங்கட கோயில்ல அம்மன்ட காலுக்குப் போடுற வெள்ளிச் சிலம்பு இவர்ர அப்பா செஞ்சு குடுத்தது எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். அப்பா கூலி வாங்கல்ல, ஒவ்வொரு வருசமும் கதவு திறக்கிறதுக்கு முதல் நாள் கொண்டுவந்து புளி போட்டுத் தேச்சுக் குடுக்கிறது இப்ப இவர்ர வேலை. கோவிக்கல்ல மாமா. எழுதாத எண்டும் சொல்லல்ல. "நல்லாத்தான் எழுதியிருக்காய், பயமா இரிக்கி வாசிக்க" எண்டு சொல்லித்தான் கட்டத் தந்தார்.

வீட்ட வந்து அந்த 26 சப்டரையும் சீலைத் துண்டில சுத்தி அலுமாரிக்கு மேல வச்சன். எழுதுறத விட்டிருவமா எண்டும் யோசிச்சன். ஒரு மாசம் கழிச்சு மறுகா சிலப்பதிகாரத்த எடுத்து இந்தமுறை மெதுவா, ஒரு வரி விடாம வாசிச்சன்.

அப்பதான் கண்டன். கண்ணகி தீக்கடவுளுக்குச் சொல்லுற கட்டளை வஞ்சின மாலையில இப்பிடிக் கிடக்கு: "பார்ப்பார் அறவோர் பசுப் பத்தினிப் பெண்டிர் மூத்தோர் குழவி எனும் இவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க." புருசனப் பறிகொடுத்து, முலையத் திருகி எறிஞ்ச அந்த நேரத்திலயும் அவ ஆள் பாத்துத்தான் சொல்லுறா, தீமை செஞ்ச ஆக்கள்ட பக்கம் மட்டும் போ எண்டு. யார் யார விடணும் எண்ட அந்தப் பட்டியல் சரியா எண்டு இண்டைக்கு நிண்டு வாதாடலாம்தான், ஆனா பிரிச்சுப் பாக்க வேணும் எண்ட எண்ணம் அவக்கு இரிக்கி. ஆயிரம் பேரக் கொல்லச் சொன்னது அவ இல்ல. அது பிறகு வந்த ராசாட வேலை. நீர்ப்படைக் காதையில அத இன்னும் தெளிவாச் சொல்லிக் கிடக்கு, ஈரைஞ்ஞூற்றுவர், அதாவது ஆயிரம் பேர, ஒரு பகலுக்குள்ள பலி குடுத்தான் எண்டு. ஒருத்தன் செஞ்ச குற்றத்துக்கு அந்தத் தொழில் செய்யிற எல்லாரையும்.

என்ட முதல் நாவல்ல கொலைகாரன் அம்மன்ட பேரால கொல்லுறான், கதையும் அவன் சொல்லுறத நம்பிக்கொண்டு போகுது. அதுதான் அடிப்படைப் பிழை. அவன் அம்மன்ட ஆள் இல்ல, செழியன்ட ஆள். இது விளங்கினதும் கதை முழுக்கத் திரும்பிட்டு. இப்ப எழுதுறதில வழக்குரை படிக்கிற ஒரு வயசான ஐயாதான் துப்புத் துலக்குற பொம்புளைக்கு அதச் சொல்லுறார், இவன் எரிச்ச கதையப் படிக்கல்ல, அதுக்குப் பிறகு நடந்த கதையத்தான் படிச்சிருக்கான் எண்டு. அவட தேடல் அதோட கோயில விட்டு வெளிய வந்து வேற பக்கம் போகுது. எங்க போகுது எண்டு இப்ப சொல்ல ஏலாது.

பழைய கதைய எடுக்கிற ஆக்களுக்கு நான் கையப் பிடிச்சுக் கேக்கிறது இதத்தான். கொலைகாரன் அந்தக் கதைய எப்பிடி விளங்கி வச்சிருக்கான், ஊர்ச்சனம் எப்பிடி விளங்கி வச்சிருக்கு, நூல்ல உண்மையில என்ன கிடக்கு எண்டு மூண்டையும் தனித்தனியா ஒரு பக்கத்தில எழுதி வைங்க. மூண்டுக்கும் இடையில கிடக்கிற இடைவெளிதான் உங்கட கதை. நான் வாசிச்ச கன நாவல்ல மூண்டும் ஒண்டாத்தான் கிடக்கு, அதாலதான் அதுகள்ல கடைசியில கோயிலும் சாமியும்தான் குற்றவாளி மாதிரித் தெரியுது.

இன்னொண்டு, எந்தத் தகவல் எப்ப வந்து சேந்தது எண்டு பாக்கிறது. ஹங்கேரியில எலிசபெத் பாத்தரி எண்டு ஒரு பிரபு குடும்பத்துப் பொம்புளை, இளம் பெட்டையள்ட ரத்தத்தில குளிச்சவ எண்டு உலகமெல்லாம் கதை. அவ கோட்டைக்குள்ள அடைபட்டுச் செத்தது 1614ல. ரத்தக்குளியல் கதை அச்சில வந்தது 1729ல, நூறு வருசத்துக்கும் பிறகு. அவட வழக்கில சாட்சி சொன்ன ஆக்கள் சித்திரவதையப் பத்தி நிறையச் சொன்னாங்க, குளியலப் பத்தி ஒண்டுமே இல்ல. வட இந்தியாவில தக்கர்கள் எண்டு வழிப்போக்கரக் கொன்று கொள்ளையடிச்ச ஒரு கூட்டம், அதில பெஹ்ராம் எண்ட ஒரு ஆள் 931 பேரக் கழுத்து நெரிச்சான் எண்டு எங்க பாத்தாலும் எழுதிக் கிடக்கும், ஆனா அவனே வெள்ளைக்காரனிட்ட குடுத்த வாக்குமூலத்தில தன்ட கையால கொண்டது 125 பேர் அளவில எண்டுதான் சொன்னான். அது குறைஞ்ச கணக்கில்ல. பெரிய எண் ஒண்டக் கண்டா அத ஆர், எப்ப, என்னத்துக்குச் சொன்னாங்க எண்டு தேடத்தான் சொல்லுறன், ஏனெண்டா அந்தத் தேடலே கதைக்குள்ள ஒரு நல்ல சப்டர் ஆகும். கொலைகாரன் ஒரு பொய்யான எண்ண நம்பி அத எட்டிப்பிடிக்கப் பாக்கிறான் எண்டு வச்சுப் பாருங்க.

சீரியல் கில்லர் எண்ட சொல்லுக்கும் எல்லை இரிக்கி. 2005ல அமெரிக்காவில எஃப்பிஐ கூட்டின மாநாட்டில எடுத்த வரைவிலக்கணம், ஒரே ஆளோ ஆக்களோ ரெண்டு அல்லது அதுக்கு மேல ஆக்களத் தனித்தனிச் சம்பவங்கள்ல சட்டவிரோதமாக் கொல்லுறது எண்டுதான். தனித்தனிச் சம்பவம் எண்டது முக்கியம். செழியன் ஒரே பகல்ல ஆயிரம் பேரக் கொண்டது சீரியல் கொலை இல்ல, அது அரசாங்கம் செஞ்ச படுகொலை. அதுக்கு அவனத் தேட ஒரு துப்பறிவாளரும் இருக்கேல்ல. சீனாவில லியூ பெங்லி எண்டு ஹான் காலத்து இளவரசன் ஒருத்தன், கி.மு. ரெண்டாம் நூற்றாண்டு, ராத்திரியில அடிமைகளோட போய் நூறு பேருக்கு மேல கொண்டான் எண்டு அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியர் சீமா சியன் எழுதி வச்சிருக்கார். பேரரசர்ர சொந்தக்காரன் எண்டதால தலைய எடுக்காம பதவியப் பறிச்சு நாடு கடத்தினாங்க. சரித்திரத்தில கையில அதிகாரம் இருந்த கொலைகாரன்களுக்கு எப்பவும் ஒரு கதவு திறந்து கிடந்திருக்கு. என்ட கொலைகாரனையும் நான் ஒளிஞ்சு வாழுற ஒரு பைத்தியக்காரனா எழுதாம விட்டது இதுக்காகத்தான்.

எங்கட மாதிரி ரெண்டு மூண்டு சமூகம் நெருங்கி இருக்கிற இடத்தில எழுதுற ஆக்கள் 1888 லண்டன் கதையில ஒரு இரவ மட்டும் நல்லாப் படிக்கணும். ஜாக் த ரிப்பர், செப்டம்பர் 30 விடியப்புறம், ஒரே இரவில ரெண்டு பொம்புளைகளக் கொண்டான். அதில ஒருத்தி கேத்தரின் எட்டோஸ், அவட ரத்தம் பட்ட ஏப்ரன் துண்டு ஒண்டு கோல்ஸ்டன் தெருவில ஒரு வாசல்ல கிடந்திச்சி, அதுக்கு மேல சுவர்ல சோக்கால யூத ஆக்களக் குறிக்கிற மாதிரி ஒரு வரி. விடிஞ்சா சனம் பாத்துக் கலவரம் வந்திரும் எண்டு பொலிஸ் கமிஷனர் வாரன் விடியமுன்ன அத அழிக்கச் சொல்லிட்டார். ஃபோட்டோகூட எடுக்கல்ல. தடயத்த அழிச்சிட்டார் எண்டு இண்டைக்கும் திட்டுற ஆக்கள் இரிக்காங்க. நான் அவர்ர இடத்தில நிண்டு கன நாள் யோசிச்சிருக்கன். கல்முனையிலயோ ஏறாவூர்லயோ ஒரு சுவர்ல அப்பிடி ஒரு வரி கிடந்தா விடியக்குள்ள என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். என்ட நாவல்ல பதினெட்டாவது சப்டர் முழுக்க அப்பிடி ஒரு சுவரும் ஒரு வாளி தண்ணியும்தான்.

கல்வெட்டு விசயம். முதல் தரம் எழுதக்குள்ள என்ட கதாநாயகி மலைக்குகையில டோச் அடிச்சு பிராமி எழுத்த ஒரே மூச்சில வாசிச்சு அதில இருந்து புதிர் கண்டுபிடிப்பா. அப்பிடி நடக்காது. அம்பாறை ராஜகல மாதிரி இடங்கள்ல உள்ள பழைய குகைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரு வரி, இன்னார் இந்தக் குகைய பிக்குமார்ர சங்கத்துக்குக் குடுத்தார் எண்டு. புதிரும் இல்ல, சாபமும் இல்ல, ஒரு பற்றுச்சீட்டு மாதிரி. தெளிவா வாசிக்கணும் எண்டா கல்லக் கழுவி, நனைஞ்ச தாள ஒட்டி, பிரஷால தட்டித் தட்டி எழுத்துக்குள்ள இறக்கி, மை ஒத்தி மைப்படி எடுக்கணும், வெயில் ஏறமுன்ன தொடங்கினாலும் பாதிநாள் போயிரும். தொல்பொருள் இடத்தில அனுமதி இல்லாமத் தோண்டினா 1940ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், எங்கட பக்கம் புதையல் தோண்டப்போய்ப் பிடிபட்ட செய்தி வராத மாசம் குறைவு. ஆனா அந்த ஒருவரிக் கல்வெட்டுகள்ல எனக்கு இப்ப வேற ஒண்டு தெரியுது. குகை குடுத்த ஆள்ட பேர் ரெண்டாயிரம் வருசமா நிக்கிது.

பொலிஸ் நடைமுறையில நான் விட்ட பிழைகள் கனக்க, நீதிமன்றத்தில கிளார்க்கா இருந்து பென்ஷன் எடுத்த ஒரு அண்ணர் உக்காந்து திருத்தித் தந்தார். சினிமாவில மாதிரி இன்ஸ்பெக்டர் வந்து உடம்பப் புரட்டிப் பாக்க ஏலாது. 1979ம் ஆண்டுக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டப்படி மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ வந்து பாக்கணும், உத்தரவு குடுக்கணும், பிறகு சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். இதெல்லாம் கதைய மெதுவாக்கும் எண்டு பயப்படாதீங்க, காத்திருக்கிற நேரத்திலதான் சனம் கதைக்கும். அந்த அண்ணர்தான் இன்னொரு நல்ல விசயமும் தந்தார். தமிழ்ல சொல்லுற சாட்சியம் சில நேரம் சிங்களத்திலதான் பதியப்படும், அதில ஒரு சொல்லு மாறினா வழக்கே மாறும். சிங்கள ஆக்களுக்கும் கண்ணகி இரிக்கா, பத்தினி தெய்யோ எண்டு. அவட சிலம்புக்கு அவங்க சொல்லுறது சலம்ப. சாட்சி சிலம்பு எண்டு சொல்ல, எழுதுற கொன்ஸ்டபிள் சலம்ப எண்டு சரியா எழுதுறார், பிறகு அதத் தமிழுக்குத் திருப்பின ஆள் வெறும் கொலுசு எண்டு போட்டிட்டார். கொலுசுக்குள்ள பரல் இல்ல. என்ட கதையில ஆறு சப்டருக்கு ஒருத்தருக்கும் அந்தத் துப்பு கிடைக்காமப் போறது அதாலதான்.

தங்கச்சிட ரெண்டாவது பிரசவத்துக்கு அம்பாறைப் பக்கம் ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் நிண்டன். பக்கத்துக் கட்டில்ல ஒரு சிங்களப் பெட்டை, தலைப்பிள்ளை, நோவு எடுத்து எடுத்து நிண்டிரும். அவட அம்மா ஃபோனக் காதுக்குப் பக்கத்தில வச்சு பிரித், அதான் பௌத்த ஆக்கள் காவலுக்கு ஓதுறது, போட்டிருந்தா, ஒரு தண்ணிப் போத்தலும் நூல் கட்டிக் கிடந்திச்சி. என்ன பிரித் அம்மா எண்டு எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில கேட்டன். அங்குலிமால பிரித் எண்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏனெண்டா அந்தப் பேர் என்ட கொப்பியில கொலைகாரன்கள் பட்டியல்ல கிடக்கு. விரல் மாலை போட்டவன், மனுசர வெட்டி விரல எடுத்துக் கோத்தவன், புத்தரக் கொல்ல ஓடி ஓடிக் களைச்சு, கடைசியில அவர்ர காலடியில விழுந்து பிக்கு ஆனவன். குருவுக்குத் தட்சணையா ஆயிரம் விரல் எண்ட கதை பிறகு வந்த உரைகள்ல உள்ளது, மூல சூத்திரத்தில எண்ணிக்கை இல்ல. சூத்திரத்தில உள்ளது வேற. பிக்குவான பிறகு அவர் பிச்சைக்குப் போகக்குள்ள பிள்ளை பிறக்காமத் துடிக்கிற ஒரு பொம்புளையக் கண்டு, இந்த உன்னதப் பிறப்பில, அதாவது பிக்குவாப் பிறந்த நாள் தொட்டு, நான் தெரிஞ்சு ஒரு உயிரும் எடுக்கல்ல, அந்த உண்மையால நீயும் உன்ட பிள்ளையும் நல்லா இருங்க எண்டு சொல்லுறார். அத்தின பேரக் கொண்ட ஒருத்தன்ட வாயில இருந்து வந்த அந்த வரி இப்ப இலங்கை முழுக்கப் பிரசவ வார்ட்டில கேக்குது. அந்தப் பெட்டைக்கு விடியப்புறம் மூண்டரைக்குப் பொம்புளப் பிள்ளை.

ஊர் திரும்பி வரக்குள்ள பஸ்ஸில இதத்தான் யோசிச்சன். அங்குலிமாலன் கதையில ஓட்டம் முடிஞ்ச பிறகுதான் பெரிய விசயம் நடக்குது. எங்கட அம்மன் கதையும் அப்பிடித்தான், மதுரை எரிஞ்சதோட நிண்டிருந்தா அது ஒரு பழிக்குப் பழி, எங்கட ஆக்கள் அத அங்க விடல்ல, இடைச்சியர் வெண்ணெய் தடவிக் குளிரப் பண்ணினாங்க எண்டு சொல்லி வருசா வருசம் குளுத்தி செய்யிறாங்க. நான் வாசிச்ச த்ரில்லர் எல்லாம் ஆளப் பிடிச்ச உடன, இல்லாட்டி சுட்ட உடன முடிஞ்சிரும். இஞ்ச பிடிச்சாலும் தூக்கு எண்டு தீர்ப்பு வரும், ஆனா 1976க்குப் பிறகு ஒருத்தரையும் தூக்கில போடல்ல, கொலைகாரன் உள்ள சோறு தின்டுகொண்டு இருப்பான், வெளிய பொஞ்சாதிமார் பட்டறையப் பூட்டணுமா விக்கணுமா எண்டு நிப்பாங்க. அதால ஆளப் பிடிச்ச பிறகு நாலு சப்டர் வச்சிருக்கன். வாசிச்சுப் பாத்த ஒரு கூட்டாளி இழுக்குது, வெட்டு எண்டு சொன்னாள். வெட்ட மாட்டன்.

போன மாசம் புது ட்ராஃப்ட் மாமாட்ட கொண்டுபோனன். இந்தமுறை அவர்ர முகத்தப் பாத்து முன்னுக்கே சொன்னன், மாமா, செத்துப்போற 14 பேருக்கும் பேர் வச்சிருக்கன், ஆனா எல்லாம் நான் யோசிச்சு வச்ச பேர், தட்டார் வீட்டுப் பேர் மாதிரி இல்ல எண்டு. அவர் ஒண்டும் சொல்லாம கட்ட வாங்கி லாச்சிக்குள்ள வச்சார். மூண்டாம் நாள் வாசிகசாலைக்கே வந்திட்டார், சைக்கிள ஸ்டாண்ட் போட்டிட்டு, சேட்டுப் பொக்கட்டில இருந்து ஒரு பழைய பில் புத்தகத் தாள எடுத்துத் தந்தார். பின்பக்கத்தில பென்சிலால சின்ன எழுத்தில வரிசையா எழுதிக் கிடந்திச்சி. அவர்ர அப்பாவோட தொழில் பழகின ஆக்கள், அப்பாக்கு முந்தின ஆக்கள், எல்லாரும் செத்துப்போனாக்கள், சில பேருக்குப் பக்கத்தில என்ன வேலையில கெட்டி எண்டும் போட்டிருந்தார், ஒருத்தருக்கு மூக்குத்தி, ஒருத்தருக்குத் தாலி.

"இதில பதினொண்டு இரிக்கி மகள்," எண்டார். "மிச்சம் மூண்டையும் கல்முனைப் பக்கம் ஒரு கிழவன் இரிக்கார், கேட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் அந்த இடத்த வெறுமையா விடு."